ஆர்க்கிட்டுக்கு இலைவழி உரமிடல்

ஆர்க்கிட்டுக்கு இலைவழி உரமிடல் என்பது, நீரில் முழுமையாகக் கரையும் உரத்தை நீர்த்த கரைசலாக்கி, இலைகளிலும் காற்றுவேர்களிலும் தெளித்து ஊட்டமளிக்கும் முறை. டென்ட்ரோபியம், வாண்டா, பெலனோப்சிஸ் முதலிய தொற்றுத்தாவர ஆர்க்கிட்டுகள் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. மழைநீர் கரைத்து வரும் சொற்பச் சத்தில் வாழ்பவை. வளர்ப்புத் தொட்டிகளில் நிரப்பும் கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டை ஆகியவற்றில் சத்து அதிகம் தங்குவதில்லை. ஆகவே தெளிப்புரம் இவற்றுக்கு நன்கு பொருந்துகிறது.

செயல்படும் விதம்

ஆர்க்கிட் இலையின் மெழுகுப் படலம் தடிமனானது. சத்து அதன் வழியே மெதுவாகவே நுழையும். யூரியா ஓரளவு எளிதில் ஊடுருவும். இலைத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருப்பதால் அங்கும் தெளிக்க வேண்டும். கரைசலில் கணிசமான பங்கை வேர்களே உறிஞ்சுகின்றன. வேரைச் சுற்றியுள்ள வேலமென், உயிரற்ற செல்களாலான பஞ்சு போன்ற உறை. காய்ந்த நிலையில் வெள்ளி நிறமாகத் தெரியும் வேர், நனைந்ததும் பச்சையாகும். நீர் நிரம்பிய உறையின் வழியே உள்ளிருக்கும் பச்சையம் தெரிவதே காரணம்.

உரமும் அளவும்

தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 அல்லது 20:20:20 கலவை பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. புதுத்தண்டு வளரும் பருவத்தில் தழைச்சத்து மிகுந்த 30:10:10 கலவையைச் சிலர் தெளிக்கின்றனர். லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒரு முறை போதுமானது. நாற்றுகளுக்கு அதில் பாதி. கரைசலின் அமில காரநிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரத்துடன் ஒரே அடர்கரைசலாகக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வீழ்படிவாகித் தெளிப்பான் முனையை அடைக்கும்.

தெளிக்கும் நேரம்

பெலனோப்சிஸின் இலைத்துளைகள் இரவில்தான் திறக்கின்றன. ஆனால் மாலையில் தெளித்தால் குருத்தில் இரவு முழுவதும் நீர் தேங்கி அழுகல் பற்றும். எனவே விடியற்காலையே உகந்த நேரம். உச்சிவெயிலில் துளிகள் விரைவில் உலர்ந்து, எஞ்சிய உப்பு இலையைக் கருக்கும். வேர் காய்ந்திருந்தால் முதலில் வெறும் நீர் விட வேண்டும். மலர்கள் மீது தெளித்தால் இதழ்களில் கறை விழும்.

எச்சரிக்கை

இலைநுனியும் வேர்நுனியும் கருகுவது உப்பு மிகுந்ததன் அறிகுறி. உடனே உரத்தை நிறுத்தித் தொட்டியை நல்ல நீரால் அலச வேண்டும். மற்ற வேளைகளிலும் மாதம் ஒருமுறை அலசுவது நலம். போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் எந்த உரமும் ஆர்க்கிட்டைப் பூக்க வைக்காது.