வரைபடத்துக்கு முன் வழிநடை



'கல்விச் சுற்றுலா' என்ற சொற்றொடரில் முன்னிற்பது கல்வி. நடைமுறையிலோ சுற்றுலாவே முந்திவிடுகிறது. விடியுமுன் பஸ் புறப்படும். பாட்டும் கைதட்டும் வழி நெடுகிலும் தொடரும். ஒரே பகலில் ஐந்தாறு இடங்கள் பார்த்து முடியும். மகிழ்ச்சி வேண்டியதே. ஆனால், இம்முறையைக் கல்விக்குள் கொண்டுவந்தோர் எதை எண்ணினர் என்பதை நாம் மறக்கலாகாது.

குழந்தைக்கு நூலினும் இயற்கையே முதலாசான் என்று 1762இல் வெளியான 'எமில்' நூலில் ரூசோ வாதிட்டார். அக்கருத்தைச் செயலாக்கியவர்களுள் தலையாயவர் சுவிற்சர்லாந்து நாட்டுப் பெஸ்தலோசி. 1805 முதல் 1825 வரை இவர்டன் நகரக் கோட்டையில் அவர் பள்ளி நடத்தினார். அங்கு பயின்று, பின்னாளில் வரலாற்றாசிரியராக விளங்கிய லூயி வுல்யமன் அப்பாடமுறையை விவரித்துள்ளார். மாணவர்களை அருகிலுள்ள பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வர். அவர்கள் அதனை முழுமையாகவும் பகுதி பகுதியாகவும் நோக்குவர். அங்கிருந்து களிமண் சுமந்து வருவர். பெரிய மேசைகளில் அப்பள்ளத்தாக்கையே மண்ணால் வனைவர். அது நிறைவெய்திய பின்னரே வரைபடம் அவர்கள் முன் விரிக்கப்படும். புவியியல் அறிஞர் கார்ல் ரிற்றர் அப்பள்ளிக்கு வந்து இம்முறையால் பெரிதும் ஈர்க்கப்பட்டார்.

முதலில் நிலம், பிறகு படம். இவ்வொழுங்கு தமிழுக்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்' என வகுத்தது நம் இலக்கண மரபு. கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது நின்றறியாத மாணவனுக்கு நெய்தற்றிணை வெறும் மனனப் பாடமே.

வரலாறும் அவ்வாறே. பாடநூலில் சோழராட்சி ஒரு பந்தி. பொலன்னறுவையிலோ, வானவன்மாதேவி ஈச்சரம் என்ற கற்றளி கண்முன் நிற்கிறது. அதன் சுவரில் தமிழெழுத்து இருக்கிறது. சிறிது தூரம் நடந்தால் இன்னொரு கல். 1070இல் சோழராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தவன் முதலாம் விசயபாகு. அவனது ஆட்சியில் எழுந்த தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என வேளைக்காரப் படையினர் செய்த உறுதிமொழியைத் தாங்கி நிற்பது அக்கல். அதுவும் தமிழிலேயே அமைந்தது. புத்தபிரானின் தந்ததாதுவுக்குத் தமிழிற் பொறித்த காவல்! அந்நாளைய வாழ்வு நம் இன்றைய பிரிவுக்கோடுகளுக்குள் அடங்காது என்பதை, நூறு சொற்பொழிவுகளினும் அந்த ஒரு கல் தெளிவாக உணர்த்தும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர், வடக்குப் பிள்ளைகளுக்குத் தெற்கையும் தெற்குப் பிள்ளைகளுக்கு வடக்கையும் பெரும்பாலும் அடைத்து வைத்தது. ஒருவர் மண்ணை ஒருவர் காணாமலே ஒரு தலைமுறை வரலாறு படித்தது. காணாத இடத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பலாம். கண்ட இடத்தைப் பற்றி அப்படி நம்பிவிட இயலாது. இன்று வழி திறந்திருக்கிறது. அவ்வழியே சென்றும், படமெடுத்துத் திரும்புவதோடு நின்றால் அது நம் குறையே.

எனவே ஐந்து இடங்களை ஓடிப் பார்ப்பதை விட்டு, ஓரிடத்தில் அரைநாள் தங்குவோம். பிள்ளைகள் எழுத்துக்களைப் பார்த்து எழுதட்டும், கோயிலின் அமைப்பை வரையட்டும், கேள்வி கேட்கட்டும். பாடநூல் அதன்பின் திறக்கட்டும்.