மார்ச் 17

ஸபர் மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று அஞ்சிய காலம் நம் ஊர்களில் இருந்தது. நாளில் பீடையில்லை என்று மார்க்கம் தெளிவாகச் சொல்லியும் அந்த அச்சம் எளிதில் அகலவில்லை. விளையாட்டுப் பிரியர்களிடமும் இப்படி நாட்பார்க்கும் பழக்கம் உண்டு. அவர்கள் வியந்து பேசும் நாட்களில் ஒன்று மார்ச் 17.

1977ஆம் ஆண்டு அந்நாளில் மெல்பேர்னில் டெஸ்ட் கிரிக்கட்டின் நூற்றாண்டுப் போட்டி முடிவடைந்தது. அவுஸ்திரேலியா இங்கிலாந்தை 45 ஓட்டங்களால் வென்றது. 1877இல் அதே மைதானத்தில் நடந்த முதலாவது டெஸ்டிலும் வென்ற அணி அதுவே, வித்தியாசமும் அதே 45 ஓட்டங்களே.

2007 மார்ச் 17இல் உலகக் கிண்ணப் போட்டிகள் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்துகொண்டிருந்தன. கிங்ஸ்டனில் பாகிஸ்தான் 132 ஓட்டங்களுக்குச் சுருண்டு அயர்லாந்திடம் தோற்றது. மறுநாள் அதன் பயிற்றுநர் பொப் வூல்மர் ஹோட்டல் அறையில் உயிரிழந்தார். அதே 17இல் போர்ட் ஒப் ஸ்பெயினில் பங்களாதேஷ் இந்தியாவை வென்றது. முதல்நாள் தாயகத்தில் வீதி விபத்தில் வபாத்தான சக வீரர் மஞ்சுருல் இஸ்லாம் ராணாவின் துயரைச் சுமந்தபடியே அவர்கள் ஆடினார்கள். ஒரே நாள் ஒரு வீட்டுக்குப் பெருநாளாகவும் மற்ற வீட்டுக்கு இழவாகவும் அமைந்தது.

நமக்கோ மார்ச் 17 என்றால் 1996தான். அவ்வாண்டு ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கி குண்டுக்கு இரையானது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கு ஆட வர மறுத்தன. பெப்ரவரி 13இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து நம்மோடு ஆடின. தலைவர் அசாருதீன். டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பிரிவினைக்குப் பின் மூன்று யுத்தங்கள் கண்ட இரு நாடுகள், அச்சத்திலிருந்த மூன்றாவது நாட்டுக்குத் தோள்கொடுத்த நாள் அது.

லாஹூர் இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியா எடுத்தது 241. அரவிந்த டி சில்வா 3 விக்கட்டுகளையும் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற்றார். முத்தையா முரளிதரன் 10 ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்து ஷேன் வோர்னை வீழ்த்தினார். 7 விக்கட்டுகளால் வென்ற அர்ஜுனவின் கையில் பெனாசிர் பூட்டோ கிண்ணத்தைக் கொடுத்தார்.

கினிகத்தேனை போன்ற மலையக ஊர்களில் இந்த வெற்றிக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பாகிஸ்தான் ஆடினால் முஸ்லிம் எந்தப் பக்கம், இந்தியா ஆடினால் தோட்டத்துத் தமிழன் எந்தப் பக்கம் என்ற கேள்வி தேநீர்க் கடைகளில் பகிடியாக எழும். பகிடிக்குள் முள் இருக்கும். அன்றிரவு லாஹூர் மக்களே இலங்கைக்காக ஆர்ப்பரித்தார்கள். வென்ற அணியில், தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனும் இருந்தார். இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

எனினும் கிண்ணம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1948இல் பிரஜாவுரிமை இழந்த மலையகத் தமிழரில் நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. கைதட்டும்போது நம்மவர் என்பதும் ஏட்டில் அந்நியர் என்பதும் ஏழாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

லாஹூரும் மாறியது. 2009 மார்ச் 3இல் அதே மைதானத்துக்குச் சென்றுகொண்டிருந்த நமது வீரர்களின் பஸ் மீது துப்பாக்கிதாரிகள் சுட்டார்கள். பாதுகாப்புக்கு நின்ற பொலிஸார் 6 பேர் உயிர்துறந்தார்கள். குண்டுமழைக்குள் பஸ்ஸை நிறுத்தாமல் மைதானத்துக்குள் கொண்டு சேர்த்தவர் சாரதி மெஹர் முகம்மது கலீல். 2017 ஒக்டோபர் 29இல் இலங்கை அணி மீண்டும் அங்கே ஆடியது.

சுட்டவர்களும் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள், காத்தவர்களும் முஸ்லிம்கள். நாளும் ஊரும் பெயரும் தம்மளவில் எதையும் செய்வதில்லை. செய்பவர்கள் மனிதர்கள். நம் பிள்ளைகளுக்கு மார்ச் 17ஐப் படிப்பிக்கும்போது அரவிந்தவின் 107ஓடு நிறுத்திவிடாமல், பெப்ரவரி 13இல் வந்தவர்களையும் மார்ச் 3இல் பஸ்ஸை நிறுத்தாத சாரதியையும் சேர்த்தே சொல்வோம்.