வழுதாவூர்த் தொல்லுயிர்களும் மரபணு ஆராய்ச்சியும்

பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்ததும் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியதுமான வழுதாவூர், தன் பெயரைத் தாங்கிய பாறையடுக்கினால் உலகப் புவியியல் நூல்களில் நிலையான ஸ்தானம் பெற்ற சிற்றூராகும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேஷியஸ் யுகத்தின் இறுதிக் காலத்தில், சமுத்திரத்தினடியில் மணலும் சுண்ணமும் படிந்து இப்பாறைகள் உண்டாயின. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட திருவக்கரையின் கல்மரங்களோ இவற்றுக்கு நெடுங்காலம் பிற்பட்டவை.

சென்னை ராஜதானியின் உத்தியோகஸ்தர்களான கேயும் கன்லிஃபும் 1840ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரி வட்டாரத்திலும் தெற்கேயும் சேகரித்த சங்குகளையும் சிப்பிகளையும் சுருளோட்டு அம்மோனைட்டுகளையும், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்னும் பிரிட்டிஷ் இயற்கை விஞ்ஞானி ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அம்மோனைட் இனங்களுக்கு இந்திரன், சூரியன், வருணன், பிரம்மா என்று நம் தேவர்களின் நாமங்களை அவர் சூட்டினார். அவை இன்றும் விஞ்ஞான வழக்கில் மாறாதிருக்கின்றன. அடுத்து பிளான்ஃபோர்டு 1861இல் தென்னிந்திய நாட்டிலஸ் ஓடுகளை விவரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா 1873 வரையில் பல தொகுதிகளாக எழுதிமுடித்த மகத்தான வர்ணனைக்கு நிகரானது இத்துறையில் அரிது.

எனினும் இவ்வோடுகள் கூறும் சரித்திரத்திற்கு ஓர் எல்லை உண்டு. பிராணிகளின் பெரும்பிரிவுகள் பிரிந்த காலம் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டதாகையாலும், அம்மூதாதையர் பெரும்பாலும் ஓடும் எலும்புமற்ற மென்மையான உடலினராகையாலும், அவர்களுடைய உறவுமுறையை இன்று உயிரோடிருக்கும் கடல்வாழ் முதுகெலும்பற்ற பிராணிகளின் மரபணுத்தொகுதியிலேயே தேட வேண்டியதாயிற்று. 2007இல் நெமட்டோஸ்டெல்லா என்னும் கடற்சாமந்தியின் தொகுதி வெளியானபோது, ஈயிலும் புழுவிலும் அழிந்துபோன பல ஜீன்கள் மனிதனிலும் அந்த எளிய பிராணியிலும் பொதுவாக நிலைத்திருப்பது புலப்பட்டு, எளிமை எப்போதும் தொன்மையின் அடையாளமென்று கொள்வது தவறு என்பது தெளிவாயிற்று. இந்திய வம்சாவளியினரான மான்சி ஸ்ரீவாஸ்தவா முதலாசிரியராக நின்று எழுதிய இரு கட்டுரைகள், 2008இல் டிரைக்கோபிளாக்ஸ் என்னும் எளிய கடற்பிராணியையும் 2010இல் ஆஸ்திரேலியக் கடற்பஞ்சையும் ஆராய்ந்தன; நரம்பே இல்லாத கடற்பஞ்சிலும் நரம்பிணைப்புக்குரிய ஜீன்கள் பல காணப்பட்டமை, என் மதிப்பில், இத்துறையின் ஆழ்ந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று. பிராணிகள் அனைத்திற்கும் முதலில் கிளைத்தது கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா என்ற விவாதம் 2013 முதல் வலுத்தது. குரோமோசோம்களில் ஜீன்கள் சேர்ந்தமைந்த முறையைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வு சீப்பு ஜெல்லியையே சுட்டிற்றாயினும், மறுப்போர் இன்னும் உளர்.

ஆயினும் ஜீன்களின் வேற்றுமை எண்ணிக்கை, தானாக ஆண்டுக்கணக்கைத் தந்துவிடாது. காலம் நிர்ணயிக்கப்பட்ட பாறையிலிருந்து எடுத்த தொல்லுயிரின் வயதை ஆதாரமாக வைத்தே அது காலமாக மாற்றப்படுகிறது. சான்றாக, நாட்டிலஸின் மரபணுத்தொகுதி 2021இல் வெளிவந்தது. அதன் வமிசமும் ஆக்டோபஸ் வமிசமும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாயிற்று என்று இன்று சொல்ல முடிவது, புதைந்த ஓடுகளைக் காலவரிசையில் அடுக்கிவைத்த பழைய உழைப்பினாலேயே.