ஷெர்லியும் ஜென்னியும்

நீங்கள் ஒரு யானையை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். (சும்மா ஒரு பேச்சுக்குத்தான்!) கணக்குப் புத்தகத்தில் அதை எங்கே எழுதுவீர்கள்? லாரி, கூடாரம், நாற்காலியோடு சேர்த்து ‘சொத்து’ என்றுதானே? அமெரிக்க சர்க்கஸ் முதலாளிகளுக்கும் யானை அப்படி ஒரு சொத்துதான். அந்தப் பேரேட்டில் ஒரு வரியாக இருந்தவள் ஷெர்லி.

1948-ல் சுமத்ரா காட்டில் பிறந்தவள். குட்டியிலேயே பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதன்பிறகு அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1958-ல் கியூபாவுக்குப் போன இடத்தில், காஸ்ட்ரோவின் புரட்சிப்படை சர்க்கஸையே சிறைபிடித்தது. சில வாரம் கழித்துத்தான் விடுதலை. 1963-ல் கனடாவின் யார்மத் துறைமுகத்தில் நின்ற சர்க்கஸ் கப்பலில் தீ! பிழைத்துக்கொண்டாள். ஆனால் உடம்பில் தீக்காயம், காதில் ஒரு துண்டு போச்சு. பிற்பாடு இன்னொரு யானை தாக்கியதில் பின்னங்கால் முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. நொண்டுகிற யானையை வைத்து என்ன வித்தை காட்டுவது? 1977-ல் லூசியானா மாகாணத்தின் மன்ரோ நகர மிருகக்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தாள்.

அப்பாடா, இனி நிம்மதி என்றுதானே நினைக்கிறீர்கள்? வேளாவேளைக்குச் சாப்பாடு, குளியல், பாசமான பராமரிப்பாளர், எல்லாம் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. இன்னொரு யானை! 22 வருடம், தன் இனத்தில் ஒருத்தியைக்கூட ஷெர்லி பார்க்கவில்லை.

பெண் யானை என்பது பாட்டி, அம்மா, சித்தி, அக்கா, தங்கை என்று கூட்டுக்குடும்பமாக வாழ்கிற ஜென்மம். ஆண் வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். பெண்ணோ காலமெல்லாம் குடும்பத்தோடுதான். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தூரத்து உறவுகளோடு பேசும். பதில் சொல்ல ஆளே இல்லாவிட்டால் யாரோடு பேசுவது?

கடைசியில் மன்ரோ ஒரு நல்ல காரியம் செய்தது. கூட்டம் சேர்க்கிற யானை போனால் போகட்டும், அவளுக்குத் துணைதான் முக்கியம் என்று 1999 ஜூலையில் ஷெர்லியை வழியனுப்பி வைத்தது. போன இடம், டென்னஸி மாகாணத்தில் 1995-ல் தொடங்கப்பட்ட யானைகள் சரணாலயம். வேடிக்கை பார்க்க அங்கே யாருக்கும் அனுமதி கிடையாது.

முதல் நாள் ராத்திரி, பக்கத்துக் கொட்டடிக்கு ஜென்னி என்கிற யானை வந்தது. கம்பிக்கு இடையே தும்பிக்கைகள் தொட்டுக்கொண்டன. அவ்வளவுதான், இரண்டும் பிளிற ஆரம்பித்துவிட்டன! ஒன்றையொன்று நெருங்க முட்டி மோதியதில் இரும்புக் கம்பியே வளைந்துவிட்டது. விசாரித்தால், 20 வருடங்களுக்கும் மேலே முன்னால் இரண்டும் ஒரே சர்க்கஸில் இருந்தவை. அப்போது ஜென்னி சின்னக் குட்டி!

அதன்பிறகு தாயும் மகளும் போல ஒன்றாகவே மேய்ந்தார்கள். 2006 அக்டோபரில் ஜென்னி இறந்துபோனாள். ஷெர்லி 2021 பிப்ரவரி வரை, 72 வயதுவரை வாழ்ந்தாள்.

ஷெர்லி போன சில வருடங்களில், 2005-ல், டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலையும் தன் இரண்டு யானைகளைக் கலிஃபோர்னியா சரணாலயத்துக்கு அனுப்பியது. உறைபனிக் குளிரும் குறுகிய இடமும் யானைக்கு நியாயமில்லை என்று நிர்வாகமே முடிவெடுத்தது.

நான் படித்தது காமர்ஸ். அதனால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தனிமையில் 22 வருடம். ஜென்னியோடு 7 வருடம். கணக்கு நேராகவில்லைதான். ஆனால், ‘நல்லாத்தானே பார்த்துக்கிறோம்’ என்று மன்ரோ சும்மா இருந்திருந்தால், அந்த ஏழும் இல்லை.