பூனையுள்ள இல்லத்தில் தொட்டிச் செடிகள்

வீட்டுக் கூடத்திலும் சன்னலோரத்திலும் பால்கனியிலும் அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிகளுள் பூனைக்குத் தீங்கு விளைப்பவற்றை விலக்கி, விளைக்காதவற்றைத் தேர்ந்து, இரண்டையும் ஒரே கூரையின்கீழ்ப் பேணும் முறை இக்கட்டுரையின் பொருளாகும். முற்றமும் கொல்லையும் உள்ள பழைய வீடுகளில் இப்படியொரு பிரச்சினை எழ இடமே இருந்ததில்லை. பூனை தன் இச்சைப்படி வெளியே போய், வேண்டிய புல்லைக் கடித்துவிட்டுத் திரும்பிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பூனை வாசற்படி தாண்டுவதில்லை. அதன் கண்ணெதிரே உள்ள பசுமையெல்லாம் தென்னமெரிக்கக் காடுகளையோ ஆப்பிரிக்க வறள்நிலங்களையோ பூர்விகமாகக் கொண்டு, நர்சரி வழியாக வந்து சேர்ந்த நாலைந்து தொட்டிகளே.

பூனை ஊனையே உண்டு உயிர்வாழும்படி அமைந்த பிராணி. இனிப்பை உணரும் சக்திகூட அதன் நாவுக்கு இல்லை. ஆகவே அது இலையைக் கடிப்பது சுவை கருதியன்று. வயிறு சரியில்லாதபோதுதான் புல் தின்னும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. ஆனால் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் விசாரித்தறிந்தது வேறு. பெரும்பாலான பூனைகள் நோய்க்குறி எதுவுமின்றியே செடியைத் தின்கின்றன. தின்றபின் அவற்றுள் ஒரு பகுதியே வாந்தியெடுக்கின்றன. குடற்புழுக்களை வெளியே தள்ளுவதற்காகக் காட்டு மூதாதையர் கொண்டிருந்த வழக்கம், புழுவே இல்லாத வீட்டுப் பூனையிடமும் பிறவிக் குணமாக எஞ்சி நிற்கிறது என்பது அவர்கள் கொள்கை. அது எவ்வாறாயினும், திட்டியோ அடித்தோ மறக்கச் செய்யக்கூடிய துர்ப்பழக்கம் அன்று இது. நீண்டு ஒடுங்கி, காற்றில் அசைந்தாடும் இலை எதுவாயினும் பூனையின் கண்ணுக்கு அது புல்லே.

கடித்தது உடம்பினுள் என்ன செய்கிறது என்பது அடுத்த விஷயம். பல பிராணிகளின் கல்லீரல், உள்ளே வரும் நச்சுப்பொருள்கள் பலவற்றைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துக் கழித்துவிடும் ஆற்றல் உடையது. பூனைக் குலத்திலோ இந்த வேலைக்குரிய நொதிகளுள் முக்கியமான ஒன்றின் மரபணு பழுதுபட்டுச் செயலற்றுக் கிடக்கிறது. மனிதன் காய்ச்சலுக்கு விழுங்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை வாங்கிவிடக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். நாய்க்கும் குழந்தைக்கும் ஒத்துக்கொண்டது பூனைக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற அனுமானம் இதனாலேயே செல்லாததாகிறது.

பூனையுள்ள வீட்டிற்குள் எக்காரணத்தாலும் நுழையவிடக் கூடாத மலர் ஒன்று உண்டென்றால் அது லில்லி. லிலியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஈஸ்டர் லில்லி, ஆசிய லில்லி, ஓரியண்டல் லில்லி முதலியனவும், ஹெமரோகாலிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்க வல்லவை. இலை, தண்டு, இதழ், மகரந்தம் அனைத்தும் விஷம். பூங்கொத்து நின்ற ஜாடியின் தண்ணீரும் விஷமே. பூனை செடியைக் கடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. உரசிச் சென்றபோது மயிரில் ஒட்டிய மகரந்தம், பிறகு அது தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுகையில் வயிற்றுக்குள் சென்றாலே போதும். முதல் சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில் வடிதல், சோர்வு ஆகியன தோன்றும். பின்னர் வாந்தி நின்று, பூனை தேறிவிட்டது போலவும் காணப்படலாம். இந்தப் பொய்த் தேறுதலை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள், 24 முதல் 72 மணி நேரத்திற்குள் சிறுநீரகம் செயலற்றுப் போன பூனையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட நேர்கிறது. இதே மலரைத் தின்ற நாய்க்கு வயிற்றுக்கோளாற்றுக்கு மேல் ஒன்றும் நேர்வதில்லை என்பது விந்தை. விஷப்பொருள் நீரில் கரைவது என்று தெரிந்திருக்கிறதேயன்றி அது இன்னதென்று பிரித்தறியப்படவில்லை. எனவே மாற்று மருந்தும் இல்லை. 18 மணி நேரம் கழிவதற்குள் சிரை வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் செலுத்துவதே சிகிச்சை. நம் வெப்ப நிலத்தில் லில்லியைத் தொட்டியில் வைப்போர் சிலரே. அது வருவது பெரும்பாலும் வரவேற்பிலும் பிறந்தநாளிலும் கையில் தரப்படும் பூங்கொத்தில். அன்போடு வந்ததாயினும் அதை வாசலிலேயே வேறொருவர்க்குக் கொடுத்துவிடுவது உத்தமம்.

இத்துறையில் பெயர்களைப் போல் வஞ்சிப்பவை வேறில்லை. பீஸ் லில்லி என்று விற்கப்படும் செடி லில்லியே அன்று, சேம்பின் உறவு. அதனால் சிறுநீரகத்திற்குக் கேடில்லை. தமிழ்நாட்டின் அரசு மலராகிய செங்காந்தளையும் ஆங்கிலத்தில் லில்லி என்றே அழைப்பர். அதன் விஷமோ கொல்ச்சிசின் என்னும் முற்றிலும் வேறான, மனிதனையும் கொல்லும் பொருள். அரிகா பனை மெய்யான பனையினம், பூனைக்குத் தீங்கற்றது. சேகோ பனை என்பதோ பனையே அன்று, சைகஸ் என்னும் புராதனமான தாவர வகை. அதன் எல்லா உறுப்புகளிலும், விதையில் சிறப்பாகவும், சைகாசின் என்னும் பொருள் இருந்து கல்லீரலை நாசமாக்குகிறது. (சேலத்து ஜவ்வரிசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அது மரவள்ளிக் கிழங்கின் மாவு.) பாஸ்டன் ஃபெர்ன் மெய்யான பெரணி, தீங்கற்றது, ஆஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியன்று, நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் சுற்றம், அதன் கனி வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும். லக்கி பாம்பூ என்று கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி விற்கப்படுவது மூங்கிலே அன்று, டிராசினா. அதைத் தின்ற பூனைக்கு வாந்தியோடு கண்ணின் பாவையும் விரிந்துவிடும். கடைக்காரர் சொல்லும் பெயரைவிடச் செடியின் தாவரவியற் பெயரைக் கேட்டறிவது இதனாலேயே அவசியமாகிறது.

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் மணி பிளாண்ட், சிங்கோனியம், டைஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா, ஆந்தூரியம், அக்ளோனிமா எல்லாம் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக அடங்கியிருக்கிறது. பல் பட்டதும் அவை பாய்ந்து நாவிலும் ஈறிலும் தொண்டையிலும் தைக்கின்றன. கருணைக்கிழங்கைப் புளி சேர்க்காமல் அவசரமாகச் சமைத்து உண்ட எவருக்கும் இதை விவரிக்க வேண்டியதில்லை. பூனை எச்சில் ஒழுக விட்டு, முன்காலால் வாயைத் தேய்த்து, உணவை மறுக்கும். வாயைத் தண்ணீரால் கழுவி, சிறிது பால் கொடுத்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறுவது அபூர்வம். நேர்ந்தால் மருத்துவரே கதி. முதற் கடியிலேயே வேதனை கிட்டுவதால் பூனை அதிகம் தின்பதில்லை. ஆகையால் இவற்றையும் லில்லியையும் ஒரே பட்டியலில் ஒரே விஷக்குறியிட்டு அச்சிடும் வழக்கம் அனர்த்தமானது: எல்லாவற்றிற்கும் சமமாக அஞ்சுபவர், அஞ்ச வேண்டியதற்குப் போதிய அளவு அஞ்சுவதில்லை. மணி பிளாண்டை உயரத்தில் தொங்கவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்பதே எம் கருத்து.

இச்செடிகள் சில இவ்வளவு பரவியதற்கு 1989-இல் அமெரிக்க வானவெளி நிறுவனமாகிய நாசாவுக்காக உல்வர்ட்டன் என்பார் நடத்திய சோதனையும் ஒரு காரணம். மூடிய சிறு அறைகளில் பீஸ் லில்லி, டிராசினா, மருளின் இனமாகிய ஸ்னேக் பிளாண்ட் முதலியன காற்றிலுள்ள தீய ஆவிகளைக் குறைத்ததாக அவர் கண்டார். சாதாரண வீட்டிற்கு இது பொருந்தவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று 2019-இல் வெளிவந்த மறு ஆய்வொன்று கணக்கிட்டது. காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காகவே ஒரு செடியை வாங்கிப் பூனைக்குத் துன்பம் தேடிக்கொள்ள வேண்டியதில்லை. சன்னலைத் திறந்து வைத்தால் அந்தக் காரியம் நடந்துவிடும்.

மொட்டைமாடித் தோட்டக்காரர் கவனிக்க வேண்டிய வகுப்பு வேறொன்று உண்டு. அரளி, மஞ்சளரளி, எருக்கு, அடீனியம் ஆகியவற்றின் பாலும் இலையும் இருதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகளைக் கொண்டவை. ரணகள்ளியும் அதன் இனமாகிய கலஞ்சோவும் இதே குணமுடையவை. பருத்த அடியும் செந்நிறப் பூவுமாகப் பலரும் போன்சாய் போல் வளர்க்கும் அடீனியத்தை அடிக்கடி கவாத்து செய்வதால், வெட்டிய துண்டுகள் தரையில் கிடக்கும். அவற்றை உடனே அப்புறப்படுத்த வேண்டும். சோற்றுக்கற்றாழையும் ஸ்னேக் பிளாண்டும் இத்தனை கொடியன அல்ல. வாந்தி, கழிச்சலோடு நின்றுவிடும்.

தீங்கற்றவற்றின் வரிசையும் சிறிதன்று: ஸ்பைடர் செடி, கலேதியா, மராண்டா, வெற்றிலைக் குடும்பத்தைச் சேர்ந்த பெப்பரோமியா, கற்றாழையை ஒத்த ஹாவர்த்தியா, ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட், ஆப்பிரிக்க வயலட், ஹோயா ஆகியவற்றைத் தாராளமாக வைக்கலாம். விக்டோரியா காலத்து ஆங்கிலக் கூடங்களின் இருளையும் எரிவாயு விளக்கின் புகையையும் தாங்கிப் புகழ்பெற்ற ஆஸ்பிடிஸ்ட்ராவும் பூனைக்கு உகந்ததே. தீங்கற்றது என்பதற்குப் பூனைக்கு உணவாகும் என்று பொருளில்லை. மிகுதியாகத் தின்றால் எந்த இலையும் வாந்தியாக வெளிவரும், ஸ்பைடர் செடியும் கந்தலாகிப் போகும். செடியின் பொருட்டும் கவலைப்படுவோர்க்கு லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு வழிகாட்டியிருக்கிறார். அந்துப்பூச்சியின் கூட்டை மூடி வைத்த புட்டியில் தற்செயலாகப் பெரணி முளைக்கக் கண்டு, கண்ணாடிப் பேழைக்குள் செடி வளர்க்கும் முறையை வகுத்து, 1842-இல் அதைப் பற்றி நூலும் எழுதியவர் அவர்; இன்றைய டெரேரியத்தின் மூலம் அதுவே.

செடி குற்றமற்றதாயினும் தொட்டி குற்றமுடையதாக இருக்கலாம். எலும்புத்தூளும் மீன் அமிலமும் இட்ட மண்ணைப் பூனை மோப்பம் பிடித்துக் கிளறும். ஈரமான மண்ணை மலம் கழிக்கும் இடமாகவும் கொள்ளும். மேல்மண்ணின்மீது பெரிய கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் இரண்டும் நிற்கும்; மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை. பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்து பூனைக்குக் கடும் நஞ்சு. மாவுப்பூச்சியைச் சோப்பு நீர் தோய்ந்த துணியால் துடைத்தெடுப்பதே மேல்.

விஷச் செடியைத் தின்றதாகச் சந்தேகம் எழுந்தால், உப்புநீரையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ புகட்டி வாந்தியெடுக்க வைக்க முயலலாகாது. அதனால் பூனையின் இரைப்பையே புண்ணாகும். மயிரில் ஒட்டிய மகரந்தத்தைக் கழுவி, கடித்த செடியின் கிளையொன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அமெரிக்காவில் 1866-இல் தோன்றிய பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தின் நச்சுக் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்டுள்ள செடிகளின் பட்டியல் உலகெங்கும் மருத்துவர்களால் பார்க்கப்படுவது; நம் நாட்டுச் செடிகள் பல அதில் இடம்பெறாமையால், பட்டியலில் காணாததெல்லாம் நல்லது என்று கொள்வதற்கில்லை.

பூனைக்கென்றே ஒரு தொட்டி வைத்துவிடுவது இவ்வளவிலும் எளிய உபாயம். கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து அகன்ற தட்டில் விதைத்தால் ஏழெட்டு நாளில் கடிப்பதற்கேற்ற உயரம் வந்துவிடும், அருகம்புல்லும் ஆகும். மேனாட்டார் கேட்னிப் என்னும் செடியையும் இதற்காக வளர்க்கின்றனர். அதன் வாசனை கண்ட பூனைகளுள் பெரும்பாலானவை சில நிமிஷம் மதிமயங்கிப் புரளும், ஏனையவை திரும்பியும் பாரா. நம் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் வழங்குவதும் இத்தகைய காட்சியைக் கண்ட யாரோ இட்டதுதான் போலும். அச்செடியின் இலையைப் பூனை பொருட்படுத்துவதில்லை. களை பிடுங்குபவர் அதை வேரோடு எடுத்து வரப்பில் போட்டுவிட்டு நிமிர்வதற்குள், எங்கிருந்தோ வந்த பூனை ஈரம் காயாத அந்த வேரின்மீது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு கிடக்கும்.