கத்தி படும் கண் காண்பது
கண்புரை அறுவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றைத்தான் எழுதுகிறார்கள். அறுவை நடக்கும்போது நோயாளி என்ன கண்டார் என்பதற்கு அதில் இடமில்லை. தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. சுசுருத சம்ஹிதை சொல்லும் முறையில் நோயாளி உட்கார்ந்து தன் மூக்கைப் பார்த்திருக்க, வைத்தியர் ஊசியால் புரையை ஒதுக்கித் தள்ளுவார். எதிரே உள்ள உருவங்கள் தெரிந்த பிறகே ஊசியை மெல்ல எடுப்பார். நோயாளியின் சொல்தான் அங்கே அளவுகோல். அதற்காக அந்த முறையைப் போற்ற வேண்டியதில்லை. சீழ் பிடித்துப் போன கண்கள் ஏராளம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் ஓவியங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஓவியர் தீட்டியது வைத்தியர் பார்த்த கண்ணை. அந்தக் கண் பார்த்ததை அல்ல. 1884இல் வியன்னாவின் கார்ல் கோல்லர் கொக்கெய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்தார். வலி போனது. அதோடு நோயாளியிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை என்ற நினைப்பும் வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பிறகு கண் முகாம்கள் பெருகின. ஊரில் பரிசோதனை, நகரத்தில் அறுவை, மறுபடி பேருந்தில் ஊர் என்ற ஏற்பாடு பழகிப்போனது. ஆனால் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து போகும் ஒரு பாட்டிக்கு அறுவை மேசையில் நேர்வது புது உலகம். முகத்தில் துணி மூடும், ஒரு கண் மட்டும் திறந்திருக்கும், மேலே நுண்ணோக்கி விளக்கு கூசும். காதோரம் தண்ணீர் வழியும், கண்ணில் அழுத்தம் தெரியும். வெளிச்சம் கலங்கிச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மாறும். சிலருக்குக் கருவியின் நிழலும் கையின் அசைவும்கூடத் தெரியும். மரத்துப்போக ஊசி போட்ட சிலருக்கு எல்லாமே இருண்டுவிடுவதும் உண்டு. எதுவும் சொல்லாமல் அனுப்பினால், கண்ணே போய்விட்டது என்று அந்த இருட்டில் நினைப்பது பேதைமை அல்ல.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் பயந்து பேருந்து ஏறமாட்டார்கள் என்பார்கள். சிங்கப்பூர்க் கண் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தபோது கண்டது நேர்மாறானது: காணப்போவதை முன்பே விளக்கியதால் பயம் குறைந்தது. ஆயிரக்கணக்கில் அறுவை செய்யும் இடத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது இன்னொரு வாதம். இரண்டு நிமிடப் பேச்சு போதும். மேசையில் பயந்து தலையைத் திருப்புகிறவரால் ஆகும் தாமதம் அதைவிடப் பெரிது. மூன்றாவது வாதம் கனமானது. 2008இல் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கடவனூர் முகாமிலிருந்து பெரம்பலூருக்குப் போய் அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் அந்தக் கண்ணில் பார்வை இழந்தார்கள். இந்த மக்களின் பயம் விளக்கில் அல்ல, விளைவில்தான் என்றால் மறுக்க முடியாது. அந்தப் பயத்துக்குப் பேச்சு மருந்தாகாது. சுத்தமும் பொறுப்பேற்பும்தான் வேண்டும். ஆனால் ஒரு பயத்துக்கு மருந்து வேறு என்பதால் இன்னொன்றை அப்படியே விட்டுவிடலாமா?

முகாமுக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாளே சொல்லிவையுங்கள்: வெளிச்சம் கூசும், நிறம் மாறும், இருட்டினாலும் பதற வேண்டாம், தலையை அசைக்கக் கூடாது, இருமல் வந்தாலோ வலித்தாலோ வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லலாம்.