முப்பத்தைந்து என்னும் கோடு

இங்கிலாந்தில் கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் ஒற்றை வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் பெருக்கும் வழியைக் கண்டறிந்தனர். அவ்வழியே சென்று, சூலகப் புற்றணுக்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றைத் தேடியவர்கள், பாஸ்டன் நகரின் ராபர்ட் பாஸ்ட், ராபர்ட் நாப் ஆகியோரின் குழுவினர். முயற்சி வரிசையில் 125ஆவதாக வந்தது பலித்தது. 1981இல் அதை அறிவித்தபோது அவ்வெண்ணே பெயரில் ஒட்டிக்கொண்டது. சி.ஏ. 125 என்று இன்று ஆய்வகச் சீட்டுகளில் நாம் காணும் பெயர் அப்படி வந்ததுதான்.

1983இல் இரத்தச் சோதனை வந்தது. நலமாயிருந்த 888 பேரில் நூற்றுக்கு ஒருவருக்கே அளவு 35 அலகைத் தாண்டியது. சூலகப் புற்றுநோயுள்ள 101 பேரில் 82 விழுக்காட்டினருக்குத் தாண்டியது. எனவே 35 எல்லைக்கோடாயிற்று. அக்கட்டுரை முதன்மையாகச் சொன்னது, நோயுள்ளவர்களிடம் இவ்வளவு ஏறுவதும் இறங்குவதும் நோயின் போக்கோடு இசைந்து செல்கிறது என்பதையே. நலமாயிருப்போரிடம் நோயைத் தேடிப் பிடிக்கும் வலையாக அது அன்று நிறுவப்படவில்லை. பின்னர் அதை மறந்தவர் பலர்.

மறதிக்கு ஒரு துயரமும் காரணம். அமெரிக்க நகைச்சுவை நடிகை கில்டா ராட்னர், பல மாதங்கள் காரணம் புரியாத உபாதைகளோடு மருத்துவர்களிடம் அலைந்தபின், 1986இல் நோய் முற்றிய நிலையில் அறிந்தார். 1989 மே மாதம் மறைந்தார். அவருடைய கணவர், நடிகர் ஜீன் வைல்டர், இச்சோதனையைப் பெண்கள் கேட்டுப் பெறவேண்டும் என்று பரப்புரை செய்தார். இழந்தவரின் குரலை யார் மறுக்க முடியும்? கில்டாவின் குடும்பத்தில் இந்நோய் முன்பே இருந்ததால் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

சி.ஏ. 125 புற்றுநோய்க்கே உரிய பொருளன்று. எம்.யூ.சி. 16 என்னும் பெரும் சளிப்புரதத்தின் பகுதி அது என்பது 2001இல் தெளிவாயிற்று. வயிற்றறையின் உட்சவ்வு உறுத்தப்பட்டாலே அது இரத்தத்தில் மிகும். மாதவிலக்கு, கருவுறுதல், கருப்பை நார்க்கட்டி, கல்லீரல் சுருக்கம் எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் இப்பட்டியலில் முக்கியமானது. நீர்கோத்த வயிறும் ஏறிய எண்ணும் பார்த்துப் புற்றுநோய் என்று அஞ்சி வயிற்றைத் திறந்தபின் காசநோயென்று அறிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. மறுபுறம், முதல் நிலைப் புற்றுநோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எண் ஏறுவதே இல்லை.

தமிழிலக்கணத்தில் குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. ஒருமுறை எடுத்த சி.ஏ. 125 அளவும் அத்தகையதுதான். (இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு எதிலும் இலக்கணமே தெரியும் என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும்.)

அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுவரையுள்ள 78,216 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. ஆண்டுதோறும் இச்சோதனையும் மீயொலிப் படமும் பெற்ற பிரிவில் சூலகப் புற்றுநோயால் இறந்தவர் 118, மற்றதில் 100. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பயன் இல்லை என்பது உறுதி. நோயில்லாமலே ஐயத்துக்குள்ளானோர் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் அறுவைக்கு உட்பட்டனர். 163 பேருக்குக் கடும் சிக்கல் நேர்ந்தது. இல்லாத நோய்க்காகக் கத்தியின்கீழ்ப் படுத்தவர்கள் இவர்கள்.

ஒற்றை எண்ணை விட்டு, ஆண்டுக்காண்டு அது மாறும் போக்கைக் கணித்தால் பலிக்குமோ என்று பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்தனர். நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது ஓரளவு குறைந்தது. இறப்பு குறையவில்லை என்று 2021இல் அறிவித்தனர். முன்னதாக அறிவதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை.

எண் நன்கு பயன்படும் இடத்திலும் ஒரு வியப்பு காத்திருந்தது. சிகிச்சையால் நோய் தணிந்தபின் எண் மீண்டும் ஏறிய 529 பெண்களில் ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து தொடங்கினர். மற்றவர்களுக்கு அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தனர். 2010இல் வெளியான முடிவின்படி வாழ்நாளில் வேறுபாடில்லை. முந்தித் தொடங்கியவர்கள் ஏறத்தாழ ஐந்து மாதம் முன்னதாகவே கீமோதெரபியின் துன்பத்துக்குள் நுழைந்திருந்தனர்.